நமக்குக் கீழே யார்?



இதழ் இந்த முறையும் தாமதம். காரணம் பழைய காரணம்தான். அச்சகத்துக்குப் பாக்கி, சந்தா முடிஞ்ச தோழர்கள் பாதிப்பேர் புதுப்பிக்கல. அது இருக்கட்டும். வழக்கமா இந்தப் பக்கத்துல ஒரு வன்கொடுமையைப் பத்தியோ, வருசக்கணக்கா இழுபடுற ஒரு வழக்கைப் பத்தியோ, தேர்தல் நேரத்துல மட்டும் சேரிக்கு வழி தெரியிற தலைவர்களைப் பத்தியோ எழுதுவேன். இந்த முறை அண்மையில் படித்த சில புத்தகங்களைப் பற்றி எழுதுகிறேன். "குடிசை எரியிற நேரத்துல இவனுக்குப் புத்தகம் கேக்குதா" என்று சிலர் கோபப்படலாம். முழுசாப் படிச்சிட்டுக் கோபப்படுங்க, ஏத்துக்கிறேன்.

எங்க காலனியில நாலஞ்சு வருசமா ஒரு இரவுப் பாடசாலை நடத்துறோம். ஓட்டுக் கட்டடம், ரெண்டு குழல்விளக்கு, சுவத்துல அம்பேத்கர் படம். எட்டரை மணிக்குப் பிள்ளைங்க கிளம்பினதும் பெரியவங்க வந்து உக்காருவாங்க. அதுல பாதிப்பேருக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். அதனால ஒருத்தர் படிக்க மத்தவங்க கேக்கறதுன்னு வச்சிக்கிட்டோம். புத்தகத்தைத் தனியா மூலையில உக்காந்து படிக்கிறது ஒரு விதம். இருபது பேர் நடுவுல உரக்கப் படிக்கிறது வேற விதம். தனியாப் படிக்கும்போது வேண்டாத பக்கத்தைத் தாண்டிப் போயிடலாம். இங்க தாண்ட முடியாது, "ஏம்பா, நடுவுல வுட்டுட்ட?"ன்னு கேட்டுடுவாங்க.

முதல்ல படிச்சது பாமாவின் 'கருக்கு'. 1992இல் வந்த புத்தகம். நான் நாலாவது தடவையாப் படிக்கிறேன். அதுல ஒரு இடம் வரும், படிச்சவங்க யாரும் மறந்திருக்க மாட்டீங்க. சின்னப் பிள்ளையா இருக்கும்போது பள்ளிக்கூடம் விட்டு வர்ற வழியில, நம்ம தெருப் பெரியவர் ஒருத்தர் வடைப் பொட்டலத்தை நூலைப் பிடிச்சுத் தூக்கிக்கிட்டுப் போறதைப் பார்த்துச் சிரிக்கிறார். அண்ணன் வந்து காரணத்தைச் சொன்ன பிறகு சிரிப்பு செத்துப் போகுது. பொட்டலத்தைக் கையால தொட்டா நாயக்கருக்குத் தீட்டு, அதனாலதான் நூல். இதைப் படிச்சதும் எங்க பாடசாலையில பேச்சு நின்னு போச்சு. அப்புறம் ஒவ்வொருத்தரா அவங்கவங்க நூலை எடுத்து வெளிய வச்சாங்க. டீக்கடைச் சிரட்டை, களத்து மேட்டுல கையேந்திக் குடிச்ச தண்ணி, பள்ளிக்கூடத்துப் பானை. அன்னைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு மேலதான் கலைஞ்சோம். எல்லாருக்கும் கோபம். அது நல்ல கோபம்.

ரெண்டாவது 'சங்கதி', 1994. இதுவும் பாமா எழுதினதுதான். இதுல கோபம் எங்க போய் நின்னுச்சுன்னு பாருங்க. மாரியம்மான்னு ஒரு பொண்ணு. விறகு பொறுக்கிட்டு வர்ற வழியில தண்ணி குடிக்கப் போன இடத்துல நிலக்காரர் ஒருத்தர் கையப் பிடிச்சு இழுக்கிறார். அவ தப்பிச்சு ஓடி வந்துடுறா. அந்த ஆளு முந்திக்கிட்டு, மாரியம்மாவும் மாணிக்கமும் தப்பு பண்றதைப் பார்த்தேன்னு நாட்டாமைக்கிட்ட பிராது கொடுத்துடுறார். பஞ்சாயத்து கூடுது. யார் பஞ்சாயத்து? நம்ம பஞ்சாயத்து. நம்ம ஆம்பளைங்கதான் உக்காந்திருக்காங்க. மாணிக்கத்துக்கு நூறு ரூபா அபராதம், மாரியம்மாவுக்கு இருநூறு ரூபா. உண்மை என்னன்னு பொம்பளைங்களுக்குத் தெரியும். வாயைத் திறந்தா அடக்குறாங்க. நிலக்காரரைப் பகைச்சா வேலை கிடைக்காதுங்கிற பயம் ஒரு பக்கம். ஆனா அந்தப் பயத்துக்கான விலையை ஆம்பளை கட்டல, பொண்ணு தலையில கட்டினாங்க.

இதைப் படிச்ச அன்னைக்கு ஆம்பளைங்க பக்கம் சத்தமே இல்ல. ஒருத்தர் பீடி பத்த வைக்கிற சாக்குல வெளிய போனார். பொம்பளைங்க பக்கத்துலேர்ந்து ஒரு அக்கா, "இந்தப் பாரத்தையும் படிச்சிட்டு மறுபடி மொதல்லேர்ந்து படி"ன்னாங்க. படிச்சேன்.

மூணாவது சிவகாமியின் 'பழையன கழிதலும்', 1989. அடிபட்டு ரத்தத்தோட வர்ற தங்கம் என்கிற கைம்பெண், நியாயம் கேட்டு நம்ம சாதித் தலைவர் காத்தமுத்து வீட்டு வாசல்ல வந்து விழுறா. காத்தமுத்து கெட்டிக்காரர். அதிகாரிகிட்ட பேசத் தெரியும், மனு எழுதத் தெரியும், ஆதிக்க சாதிக்காரனை மடக்கத் தெரியும். வழக்கையும் எடுத்துக்கிறார், கடைசியில அவளையும் எடுத்துக்கிறார். அவருக்கு ஏற்கெனவே ரெண்டு மனைவி. இதையெல்லாம் பார்த்துக்கிட்டே வளர்ற மகள் கௌரி படிச்சு வெளிய வர்றா. தலைவரை மகள் கண்ணால பார்க்கிற நாவல் இது. இந்த நாவல் வந்தபோது "நம்ம தலைமையை நாமே அசிங்கப்படுத்துறதா" என்கிற கேள்வி எழுந்தது. சிவகாமி என்ன செய்தார் தெரியுமா? 1997இல் 'ஆசிரியர் குறிப்பு' என்று இன்னொரு புத்தகம் எழுதி, தன் நாவலைத் தானே எடுத்து வச்சு விசாரிச்சார். எழுதினது சரியா, எங்க நின்னு எழுதினேன், எதை விட்டேன்னு தனக்குத் தானே கேட்டுக்கிட்டார். நம்ம இயக்கங்கள்ல சுயவிமர்சனம்னு அடிக்கடி பேசுறோம். அச்சுல போட்டுச் செய்தவங்க எத்தனை பேர்?

அந்தக் குறிப்பைப் படிச்ச பிறகுதான் நான் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த நாலாவது புத்தகத்தை எடுத்தேன். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்'. 1994இல் வந்தது. தோழர்களே, இங்க நான் ஒரு கணக்கை நேர் பண்ணணும்.

1995இல் எனக்கு மீசை அரும்பிய வயசு. கையில அம்பேத்கர், வாயில முழக்கம். இப்ப நின்னுபோன ஒரு சிறுபத்திரிகையில இந்த நாவலைக் கிழிச்சு ரெண்டு பக்கம் எழுதினேன். சேரி மக்களுக்குத் துணி வெளுக்கிற புதிரை வண்ணார் குடும்பத்தின் கதை அது. சேரியே அதில் ஒடுக்குகிற இடமாக வருகிறது. பறையர்களைக் கொடுமைக்காரர்களாகக் காட்டிவிட்டார், மேல்சாதிக்காரன் கையைக் கழுவிக்கொள்ளத் தண்ணீர் ஊற்றிவிட்டார், தலித் ஒற்றுமையைப் பிளக்கிற நாவல் என்றெல்லாம் எழுதினேன். சுந்தர ராமசாமி போன்றவர்கள் அதைக் கொண்டாடினார்கள். அதுவே எனக்கு ஒரு சாட்சியாப் போச்சு. அவங்க பாராட்டினா நமக்கு எதிரானதாத்தான் இருக்கும்னு முடிவு கட்டிட்டேன். உண்மையைச் சொல்றேன், அந்த விமர்சனத்தை எழுதும்போது நாவல்ல பாதிதான் படிச்சிருந்தேன்.

இந்த முறை முழுசும் படிச்சேன். அதுவும் உரக்க. தாண்ட முடியல.

ஆரோக்கியம் என்கிற அந்தப் பொம்பளை காலனி முழுக்கத் துணி எடுக்கிறா, வெளுக்கிறா, பிரசவம் பார்க்கிறா, சாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யுறா. அறுவடையில களத்துல போடுற தானியத்துக்கு மடியேந்துறா. ராத்திரி ஆனா குண்டானை எடுத்துக்கிட்டு வீடு வீடா வாசல்ல நின்னு ராச்சோறு கேக்கிறா. எல்லாரையும் "சாமி"ன்னு கூப்பிடுறா. அவ மகள் மேரி, காலனிக்காரன் ஒருத்தனாலேயே பாலியல் வன்முறைக்கு ஆளாகிறா. போய்ச் சொல்ல அவங்களுக்குன்னு ஒரு பஞ்சாயத்து கூட இல்ல. 'சங்கதி' மாரியம்மாவுக்கு அநியாயம் பண்ணவாவது ஒரு பஞ்சாயத்து இருந்துச்சு.

எங்க காலனி ஓரத்துல, ஏரிக்கரையை ஒட்டி ஒரே ஒரு வண்ணார் வீடு உண்டு. இப்ப அதுல ஒரு ஆயா மட்டும் இருக்காங்க. பிள்ளைங்க பிழைப்புக்கு வெளியூர் போய் இருபது வருசம் ஆச்சு. நாவலை ரெண்டாவது நாள் படிச்சிக்கிட்டு இருக்கும்போது ஜன்னலுக்கு வெளியே யாரோ நிக்கிற மாதிரி தெரிஞ்சது. அந்த ஆயாதான். உள்ள வாங்கன்னேன். "இருக்கட்டும் சாமி, இங்கயே கேக்குது"ன்னாங்க. பாடசாலையைக் கட்டி முடிச்ச நாளிலேர்ந்து அவங்க ஒரு நாளும் உள்ள வந்ததில்லைங்கிறது அப்பத்தான் எனக்கு உறைச்சது. யாரும் வராதேன்னு சொல்லல. யாரும் வான்னும் சொல்லல. சமத்துவம்னு பேர் வச்ச கட்டடம் தோழர்களே அது.

நாலு நாள் ஜன்னலோரமே நின்னு கேட்டாங்க. கடைசி நாள் எல்லாரும் கலைஞ்ச பிறகு கேட்டாங்க:

"அந்தப் பொம்பள கடைசியில என்னா ஆனா சாமி?"

"கதை அதோட நிக்குது ஆயா. அதுக்கு மேல எழுதல."

"எழுத என்னா இருக்குது? நான்தான் நிக்கறனே."

"என்னைச் சாமின்னு கூப்புடாதிங்க ஆயா."

"பின்ன என்னான்னு கூப்புடறது?"

"தம்பின்னு கூப்புடுங்க."

சிரிச்சாங்க. "உங்கம்மா இருந்திருந்தா என் வாய் மேலயே போட்டிருக்கும்"ன்னு சொல்லிட்டுக் கொம்பை ஊணிக்கிட்டுப் போயிட்டாங்க.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் இல்ல. எங்கம்மா நல்லவங்க. நடவுக்குப் போய், கல்லு சுமந்து, என்னைப் படிக்க வச்சவங்க. ஆண்டை வீட்டுல பின்வாசல்ல நின்னு கூழு வாங்கின கதையைச் சொல்லிச் சொல்லி அழுவாங்க. அதே அம்மா ராத்திரியில வாசல்ல "சாமி, சோறு"ன்னு குரல் கேட்டா, அகப்பையை உயரத் தூக்கி, அந்தக் குண்டான்ல படாம மேலேர்ந்து கொட்டுவாங்க. சோறு சிதறும். நான் பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன். ஏழெட்டு வயசுப் பையன் நான், என் பாட்டி வயசுக்காரங்களை "ஏய், வண்ணாத்தி, நாளைக்கு என் சட்டையைக் கொண்டாந்துடு"ன்னு சொல்லியிருக்கேன். அந்த உயரத் தூக்கின அகப்பைக்கும் 'கருக்கு'ல வர்ற நூலுக்கும் என்ன வித்தியாசம்? நூலைப் படிச்சு நாலு தடவை அழுத எனக்கு, அகப்பை ஒரு தடவையும் ஞாபகத்துக்கு வரலையே. 1995இல் எனக்கு வந்த கோபம் இமையம் மேல வந்த கோபம் இல்ல. நான் மறைச்சு வச்சதை ஒருத்தன் எடுத்து வெளிய வச்சிட்டானேங்கிற கோபம். அதுக்குத்தான் தலித் ஒற்றுமைன்னு பேர் வச்சேன்.

அம்பேத்கருக்கு இது தெரியாததா? சாதி என்பது மேலே ஒருவன், கீழே ஒருவன் என்கிற இரண்டு தட்டு இல்லை, ஏணிபோலப் படிப்படியான ஏற்றத்தாழ்வு என்று அவர் வாழ்நாளெல்லாம் விளக்கினார். ஒவ்வொரு படியில் நிற்பவனுக்கும் மிதிக்க ஒரு கீழ்ப்படி கொடுக்கப்பட்டிருக்கு. அதை இழக்க மனசு வராததாலதான் மேல்படியை எதிர்த்து எல்லாரும் ஒண்ணாச் சேர மாட்டேங்கிறோம். அவர் மறைவுக்குப் பிறகு அச்சான எழுத்துகளில் திருநெல்வேலிப் பக்கத்துப் புதிரை வண்ணார் பற்றியே ஒரு செய்தி உண்டு. 1932 டிசம்பரில் ஆங்கில நாளிதழில் வந்ததை அவர் எடுத்துக் காட்டுகிறார். பகலில் கண்ணில் பட்டாலே தீட்டு என்று விதிக்கப்பட்டதால், தீண்டப்படாதவர்களின் துணிகளை நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில் வெளுத்த மக்கள் அவர்கள். தீண்டத்தகாதவர்களுக்கும் கீழே பார்க்கத்தகாதவர்கள். அம்பேத்கர் இதை மூடி வைக்கல. நாம ஏன் மூடுறோம்?

எதிரி பயன்படுத்திக்குவான் என்பார்கள். இந்த வாதத்தை லேசா எடுத்துக்கல, நானே அதைச் சொன்னவன்தான். "பாருங்க, அவங்களுக்குள்ளயே சாதி இருக்கு"ன்னு சொல்லித் தப்பிச்சுக்கப் பார்க்கிறவன் நிறைய. அவனுக்கு ஒரு பதில் இருக்கு. ராச்சோறு போட்டவனும் நிலத்தை வச்சிருக்கிறவனும் ஒண்ணு இல்ல. களத்து நெல்லு எவ்வளவுங்கிறதை முடிவு பண்ணினது சேரி இல்ல, அந்த நெல்லு விளைஞ்ச நிலம் சேரிக்குச் சொந்தமும் இல்ல. நாங்க மிதிச்சது உண்மை, மிதிக்கிறதுக்கான ஏணியைச் செஞ்சவன் நீ. அப்புறம், எதிரி நம்ம புத்தகத்துலேர்ந்து சாக்கு தேடித்தான் செயல்படுவான்னு இல்ல. 2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து பாமா, சுகிர்தராணி எழுத்துகளைத் தூக்கியது, மகாஸ்வேதா தேவியின் 'திரௌபதி' கதையையும் சேர்த்து. நாம எதை எழுதினாலும் தூக்கறவன் தூக்குவான். அவனுக்குப் பயந்து நாம நம்ம மாரியம்மாவையும் ஆரோக்கியத்தையும் பேசாம விட்டா, அவங்களை ரெண்டாவது தடவை தூக்கறவங்க நாமதான்.

நாவல் மேல எனக்கு இப்பவும் குறை உண்டு. அதையும் சொல்லணும், இல்லைன்னா பழைய தப்புக்குப் பரிகாரமா வெறும் புகழ்ச்சி பாடினதா ஆயிடும். ஊர்த்தெருவின் அதிகாரம் அதில் ரொம்ப தூரத்தில் நிற்கிறது, சேரியின் கஞ்சத்தனத்துக்குப் பின்னால இருக்கிற பஞ்சம் எங்கேர்ந்து வருதுன்னு வாசகன்தான் தேடிக்கணும். காலனிப் பசங்க தேய்ப்புக் கடைக்குப் போக ஆரம்பிச்சதும் ஆரோக்கியத்தின் பிழைப்பு போகுது. அந்தத் துக்கத்தோட நாவல் கரைஞ்சு போறதைப் பார்த்தா, பழைய ஏற்பாடே நீடிச்சிருக்கலாமோன்னு ஒரு ஏக்கம் தொனிக்குது. குடித்தொழில் அழியணும், அதுல நமக்கு இரண்டு பேச்சு கூடாது. ஆனா அழியும்போது நாம பறையை இறக்கி வச்சிட்டுப் பள்ளிக்கூடம் போனோம், ஆரோக்கியம் குண்டானை இறக்கி வச்சிட்டு எங்க போவான்னு நாம கேக்கலையே. நம்ம விடுதலை அவளுக்குப் பசியா வந்து சேர்ந்திருக்கு. இந்தக் கேள்வியை எழுப்பினதுக்காகவே நாவலை வணங்கலாம்.

இது ஏதோ இலக்கியச் சமாச்சாரம் மட்டும்னு நினைக்காதீங்க. தமிழ்நாட்டில் புதிரை வண்ணார் பட்டியல் சாதி. மற்ற வண்ணார் பெரும்பாலும் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல். பிள்ளைக்குச் சான்றிதழ் கேட்டுப் போனா, நீ அந்த வண்ணார்தான்னு அதிகாரி திருப்பி அனுப்புறான். 2009இல் அவர்களுக்கென்று நல வாரியம் அமைச்சும் இந்தச் சான்றிதழ்த் தொல்லை தீர்ந்தபாடில்ல. நம்ம இயக்கங்களின் எந்த மாநாட்டுத் தீர்மானத்துல இதைப் பார்த்தீங்க? அதே 2009இல்தான் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்சநீதிமன்றம் உள்ஒதுக்கீடு செல்லும் என்று சொன்னதும் நம்மில் பலர் "பிளக்கிறான், பிளக்கிறான்"னு கத்தினோம். அந்தத் தீர்ப்பில் கிரீமிலேயர் பற்றி நீதிபதிகள் சிலர் சொன்னதை எதிர்க்க நியாயமான காரணம் உண்டு, எதிர்க்கணும். ஆனா கீழ இருக்கிறவன் தன் பங்கைத் தனியா எண்ணித் தாங்கறதைப் பிளவுன்னு சொல்றபோது என் காதுக்கு 1995இல் நான் எழுதின அந்த ரெண்டு பக்கம்தான் கேக்குது. அதே வார்த்தை. நாம நம்ம பங்கைக் கேட்டபோது நம்மைப் பார்த்து இந்துக்களைப் பிளக்கிறான்னு சொன்னாங்களே, அதே வார்த்தை.

சிவகாமி தன் நாவலுக்கு எழுதினதுபோல, என் பழைய விமர்சனத்துக்கு இது என் குறிப்பு. அந்த ரெண்டு பக்கத்தை வாபஸ் வாங்குறேன். அதைப் படிச்சிட்டு இந்த நாவலைத் தொடாமலே விட்ட தோழர்கள் யாராவது இருந்தா, அந்தப் பாவமும் என்னுது.

வாசகர் வட்டம் நடத்துற தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'கருக்கு'வையும் 'கோவேறு கழுதைக'ளையும் அடுத்தடுத்து, பத்துப் பேர் நடுவுல உரக்கப் படிங்க. நடுவுல 'சங்கதி'யை விட்டுடாதீங்க, பொம்பளைங்க படிக்கட்டும், ஆம்பளைங்க கேக்கட்டும். படிக்கிறதுக்கு முன்னால, உங்க தெரு ஓரத்துல இருக்கிற அந்த ஒத்தை வீட்டுக்கு நேர்ல போய்க் கூப்பிடுங்க. வந்தா எங்க உக்காருறாங்கன்னு பாருங்க. என்ன நடந்துச்சுன்னு எழுதி அனுப்புங்க. நல்லா நடந்ததை மட்டும் எழுத வேணாம்.

எங்க ஆயா இப்ப உள்ள வந்து உக்காருறாங்க. கதவுக்குப் பக்கத்துலதான் உக்காருறாங்க, நடுவுல வர மாட்டேங்கிறாங்க. போன வாரம் அவங்க உக்கார்ந்த பாயைத் தள்ளிப் போட்டுட்டு ஒருத்தர் தரையில உக்கார்ந்தார். எங்க சொந்தக்காரர்தான். அன்னைக்குப் புத்தகம் படிக்கல, அதைப் பத்தித்தான் பேசினோம். சண்டைதான் வந்துச்சு. அவர் மூணு நாளா வரல. ஆயா வந்தாங்க. இன்னும் என்னைச் சாமின்னுதான் கூப்பிடுறாங்க.

அடுத்த இதழில் சந்திப்போம். ஜெய்பீம்.

ஆசிரியர்